உறையின் பின்புறம்

மேரிபோர்ட்டில் மழை. பென்னைன் மலை ஏறியதும் மூடுபனி.
டர்ஹாமில் இறங்கியபோது வெயில்,
யாரோ முன்பே சொல்லிவைத்த மாதிரி.
வேனுக்குள் பசை வாடை.
என் ஒரே நல்ல கோட்டிலும் அதே வாடை.

அப்பா தரைவிரிப்பு போடுகிறவர்.
தேவாலயத்துக்குப் போனாலும்
கண் கீழேதான் இருக்கும்.

முதல் கல்லூரி ஆற்று வளைவுக்குள்.
படிகள் நடுவில் தேய்ந்து
கரண்டி போலக் குழிந்திருந்தன.
சுற்றிக் காட்டிய பெண் பெர்டிட்டா.
வாரம் இருமுறை பெரிய விருந்து என்றாள்,
கறுப்பு அங்கி, மெழுகுவத்தி வெளிச்சம்.
"அங்கி வாடகைக்கா, விலைக்கா?"
அப்பா கேட்டார்.
சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை.
இருந்தும் என் காது சுட்டது.

எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை.
அந்தச் சன்னலோரம் ஒரு மாதம் உட்கார்ந்தால்
வேறொருத்தியாக எழுந்துவிடுவேன் போலிருந்தது.
பயந்ததும் அதற்குத்தான்.

அப்பா மண்டியிட்டு
சுவரோரம் விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.
"நல்ல கம்பளி. போட்டவன் அவசரக்காரன்."
பிறகு அளவுநாடாவை இழுத்தார்.
மறுமுனையை பெர்டிட்டா பிடித்துக்கொண்டாள்.
வாசலில் நின்ற மற்ற பெற்றோர்
ஏதோ சடங்கு என்று நினைத்திருக்கலாம்.
மின்கட்டண உறையின் பின்புறம்
பென்சிலால் இரண்டு எண்கள்.

இரண்டாவதற்கு மேடேற வேண்டும்.
கான்கிரீட். பள்ளிக்கூடம் மாதிரி, ஆஸ்பத்திரி மாதிரி,
சிறுவயதில் நான் நீந்தக் கற்ற குளத்தின் கட்டடம் மாதிரி.
ஆய்வுக்கூடம் ஐந்து நிமிடம், ஊர் இருபது.
லூட்டன்காரி டாமிலோலா
நேரே சமையலறைக்குத்தான் கூட்டிப்போனாள்.
பன்னிரண்டு பேருக்கு ஒரே அடுப்பு.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு:
"என் பாலைக் குடித்தவருக்கு,
குடித்தது போகட்டும்.
காலி டப்பாவை ஏன் திரும்ப உள்ளே வைத்தீர்கள்?"
அதன் கீழே
வேறு வேறு கையெழுத்தில் ஒன்பது பதில்கள்.
ஒன்பதையும் படித்தேன்.
முடிக்கும்வரை டாமிலோலா காத்திருந்தாள்.

சதுரம் சதுரமாக ஒட்டிய விரிப்பு
அப்பாவுக்குப் பிடித்துப்போனது.
"ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றினால் போதும்."
இங்கேயும் நாடா. இங்கேயும் இரண்டு எண்கள்.

புதன்கிழமைக்குள் படிவம் போக வேண்டும்.
அம்மாவுக்குப் பழையதுதான்:
"அந்த வாசல் உனக்குத் திறக்கும்போது
நீ ஏன் சாத்துகிறாய்?"
தம்பி டெஸ்மண்டுக்கு
எங்கே காலைச் சாப்பாட்டில் பன்றியிறைச்சி
என்பது மட்டும் தெரிந்தால் போதும்.
வேதியியல் டீச்சர் மிசஸ் ஹெஸ்கெத் சொன்னார்:
"எங்கே போட்டாலும் மூன்றே வாரம்.
அதுதான் உலகிலேயே சிறந்த கல்லூரி என்பாய்."
எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.
அப்படியானால் என்னை எதற்குக் கேட்கிறார்கள்?

தாளில் நடுவே கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் பதினான்கு காரணங்கள்,
அந்தப் பக்கம் பதினொன்று.
தோற்ற பக்கத்துக்காக
இன்னும் மூன்று தேட ஆரம்பித்தேன்.
அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய் இரவு உறையைக் கேட்டு வாங்கினேன்.
பதினோரு அடி இரண்டு அங்குலம், எட்டு அடி.
பத்தடி ஒன்பது, எட்டரை.
பெயர் எதுவும் எழுதவில்லை.
"இதில் எது எதுப்பா?"
கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.
"தெரியலையே.
கட்டில் போட்ட பிறகு
இரண்டிலும் கதவு முழுசாகத் திறக்கும்.
அதைத்தான் பார்த்தேன்."

உறையைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
காலையில் யார் வீட்டுக்கோ மாடிப்படி அளக்க வேண்டும்,
அதில் இன்னும் இடமிருந்தது.

படிவம் திறந்தே கிடந்தது.
நான் காலி டப்பாவுக்கு
பத்தாவது பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.